வேலை, வீடு, பிள்ளைகள் நடுவே முகப் பராமரிப்பு, வார இறுதிப் பயணம், கைவேலை: கொழும்பில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேட்டவர் கொஞ்சம் விவரமும் எழுதியிருக்கிறார். கொழும்புக் கோட்டையில் வேலை, தெஹிவளையில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முகத்தைக் கவனிக்கவும், சனி ஞாயிறில் எங்காவது போய்வரவும், ஏதாவது கைவேலை பழகவும் ஆசை. நேரத்தை எங்கே தேடுவது என்கிறார்.

தேடினால் கிடைக்காது. நானும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வருகிறவள்தான். பத்துப் படிகளில் முகப் பராமரிப்பு, மூன்று நாள் மலைநாட்டு ஓய்வு என்றெல்லாம் எழுதுகிறவர்களுக்கு வீட்டில் சமைக்க ஆள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்கு நேரம் வருவதே துண்டு துண்டாகத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வரும். மாதக் கடைசியில் கணக்கு முடியும்வரை ஒபிஸில் பிடித்து வைத்திருப்பார்கள். ஆகவே எதைத் தொடங்கும்போதும் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இதைப் பாதியில் விட்டால் கெட்டுப்போகுமா? கெடும் என்றால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் முகம். அன்றாடத்துக்கு மூன்று சாமான் போதும்: கழுவ ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஒருநாள் விட்டாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த நாள் தொடரலாம். கழுவுவதற்கு, கட்டிச் சவர்க்காரத்தை உடம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை உடையது, நம் தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. முகம் இழுத்துப் பிடித்ததுபோல் காய்வது அதனால்தான். கொழும்பின் புழுக்கத்துக்குத் தடித்த கிறீமும் வேண்டாம், ஜெல் மாதிரி இலேசானதே போதும்.

காசு செலவழிப்பதென்றால் சண்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும். போத்தலில் போட்டிருக்கும் வெயில் காப்பு எண், அதாவது எஸ்.பி.எஃப்., 30 என்றால் வெயிலில் தோலைச் சுடும் கதிர்களில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98 வீதம். வித்தியாசம் அவ்வளவுதான், 100 என்று அச்சடித்ததற்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். அந்த எண்ணைவிடப் பூசும் அளவுதான் முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். கடுகளவு தொட்டுப் பூசினால் போத்தலில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. சிங்க் ஒக்சைட் கலந்தவை நம் நிறத்தில் திருநீறு பூசியதுபோல் நிற்கும், அதனால் வாங்குமுன் பாமசியிலேயே தாடையோரம் ஒரு பொட்டுப் பூசிப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பார்கள். ஒபிஸுக்குள் இருக்கும் நாளில் யார் அப்படிப் பூசுகிறார்கள்? மத்தியானம் வெளியே இறங்குவதானால், இறங்குமுன் ஒருமுறை பூசுங்கள். அப்புறம் குடை. குடையைப் போல மலிவான அழகுசாதனம் இந்த ஊரில் இல்லை.

பாட்டிமார் வைத்தியத்தில் சிலதை வைத்துக்கொள்ளலாம், சிலதை விட்டுவிட வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது, கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைக்கும். ஆனால் அதையே முகத்தில் பூசினால், பரு வரும் தோலென்றால் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். பயற்றம் மா பரவாயில்லை, அழுத்தித் தேய்க்காதவரை. தேசிக்காயைத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கருமை படியும், அது மறைய மாதக்கணக்கு ஆகலாம்.

இனி, கேட்டவர் கேட்காத ஒன்று. நடைபாதைக் கடையிலும் முகநூல் பக்கங்களிலும் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் இருக்காது, இரண்டு கிழமையில் பளிச் என்று மட்டும் இருக்கும். அந்தப் பளிச்சுக்குப் பல நேரம் காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். பூசிக்கொண்ட அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்துப் படுக்கும் பிள்ளைக்கும், அவள் துடைத்த துவாயைப் பாவிக்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017 இல் சேர்ந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுசாதனங்களை 2020 க்குப் பிறகு செய்யவோ, ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்றது அந்த உடன்படிக்கை. 2023 இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, கலக்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். இருந்தும் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இப்படிப்பட்ட சில கிறீம்களின் பெட்டியிலேயே "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்" என்று போட்டிருக்கும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம். தாலிக்கொடியில் படக்கூடாத சாமானைக் கழுத்தில் பூசலாமா என்று நீங்களே யோசியுங்கள். பொருட்பட்டியலில் பாதரசத்தைக் குறிக்கும் கலோமெல், மெர்கியூரிக், மெர்குரியோ என்று எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். பாதரசம் இல்லாதவற்றிலும் சிலதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அதை நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியத் தொடங்கும், நிறுத்தினாலும் முகம் சிவந்து பொருமும். ஏற்கெனவே அப்படி ஒன்றைப் பாவித்துக்கொண்டிருந்தால் பியூட்டி பார்லரில் யோசனை கேட்காமல், தேசிய வைத்தியசாலையிலோ வேறெங்காவதோ தோல் வைத்தியரிடம் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உதட்டுச் சாயம், மை, நகப்பூச்சு எல்லாம் உங்கள் விருப்பம். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: மஸ்காராவைத் திறந்து மூன்று நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், கண் பாவம். விலை இன்னும் ஏறியே இருக்கிறது. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டில் பல இறக்குமதிகளை நிறுத்தினார்கள், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. அதனால் உள்ளூர்த் தயாரிப்புகளைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் "மூலிகை" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் லேபிளை முழுக்கப் படியுங்கள்.

சரி, பயணம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருக்கிற நமக்குக் கரையோர ரயில் பாதையே பெரிய சொத்து. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், பிள்ளை சிணுங்கினால் அடுத்த வண்டியில் திரும்பலாம், ஹோட்டலுக்கு முற்பணம் கட்டித் தவிக்க வேண்டியதில்லை. கோட்டையிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். வேகமாகப் போகும் வண்டிகள் எல்லாம் நம் சின்ன நிலையங்களில் நிற்பதில்லை. கொஞ்சம் பின்னால் போவதாக இருந்தாலும் கோட்டைக்கே போய் ஏறினால் இருக்கையும் கிடைக்கும்.

என் ஓட்டு காலிக்கு. இரண்டரை மூன்று மணித்தியாலப் பயணம், நிலையத்திலிருந்து காலிக் கோட்டை நடக்கிற தூரம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய அந்தக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மதிலின்மேல் சுற்றி நடக்கக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கு வெளிச்சவீடு, நமக்குக் காற்று. விலை ஏறிய கபேக்களுக்குள் நுழையாமல், கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலை மர நிழலில் பிரித்தால் செலவு பாதி குறையும். மத்தியான வெயிலில் மதில்மேல் நிற்காதீர்கள், கல் தகிக்கும். பத்து மணிக்கு முன்னும் நான்குக்குப் பின்னும் நடந்தால் சுகம்.

கடலில் குளிப்பதென்றால் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பிள்ளைகளை இறக்காதீர்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அடங்கியிருக்கும். தோட்டம் பார்க்க ஆசையென்றால் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா உருவாக்கிய லுனுகங்க இருக்கிறது. ஆனால் ஓடித்திரியும் வயதுப் பிள்ளைகளோடு அங்கே நிம்மதியாக நடக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாமியையும் கூட்டிப்போக வேண்டும், கோயிலாகவும் இருக்க வேண்டும் என்றால் புத்தளம் பாதையில் சிலாபம் போய் முன்னேஸ்வரம். ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று, போன அன்றே திரும்பலாம். அரை நாள்தான் இருக்கிறது என்றால் கோட்டே பக்கத்தில் பெத்தகான ஈரநிலப் பூங்கா. விடிய வெள்ளனப் போனால் மரப்பாதையில் நடந்து பறவை பார்க்கலாம். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பை 2018 இல் ஈரநில நகரமாக அறிவித்தார்கள் என்பது இங்கே இருக்கிற பலருக்கே தெரியாது. பௌர்ணமி விடுமுறையான போயா ஒரு வெள்ளியிலோ திங்களிலோ வந்து நீண்ட விடுமுறையானால் ஊரே கிளம்பும், அன்றைக்கு நான் வீட்டில் தூங்குவேன். எல்ல, நுவரெலியா இரண்டும் அழகுதான், ஆனால் போய்வரவே இரண்டு நாளும் சரியாகிவிடும். திங்கள் காலை அலாரம் அடிக்கும்போது போனதே வீண் என்று தோன்றும்.

காலிக்குப் போனால் பீரலு லேஸ் பின்னுவதைப் பார்க்காமல் வராதீர்கள். தலையணை மாதிரி ஒரு திண்டில் கோலம் குத்திய காகிதத்தை வைத்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய மரக்கட்டைகளை இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். போர்த்துக்கேயரோடு வந்த வேலை என்பார்கள். கட்டைகள் மோதும் டக்டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். விலை பேசுமுன் ஒரு விரலகலம் பின்ன எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள், பேரம் பேச மனம் வராது. ஆனால் நாம் பழகுவதற்கு ஏற்றதில்லை. திண்டையும் கட்டைகளையும் விரித்தபடி வைக்க வீட்டில் ஒரு மூலை வேண்டும், ஒரு கட்டை இடம் மாறினால் கோலமே பிழைத்துவிடும்.

பாதியில் விட முடியாது என்ற அதே காரணத்தால், பிசின் திரவத்தை அச்சில் ஊற்றிச் செய்யும் ரெசின் வேலையும் வேண்டாம். கலந்த பிறகு அது தன்பாட்டில் இறுகத் தொடங்கும், உங்கள் பிள்ளை அழுது முடியும்வரை காத்திருக்காது. புகைக்கு ஜன்னலும் திறந்து வைக்க வேண்டும். பத்திக் துணி வேலைக்குச் சூடாக உருக்கிய மெழுகு வேண்டும், அதையும் விடுங்கள். தையல் மெஷின் இருந்தால் நல்லது, ஆனால் இரவு பத்து மணிக்கு அடுக்குமாடியில் ஓட்ட முடியாது.

குரோஷே பழகுங்கள். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் பந்து, அவ்வளவுதான். கம்பளி பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசைக் கண்ணிகளும் ஊசியிலேயே நிற்கும், ஊசி நழுவினால் எல்லாம் அவிழும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். பஸ்ஸில் உங்கள் இடம் வந்துவிட்டதா? அந்தக் கண்ணியை நீளமாக இழுத்துவிட்டுப் பையில் போட்டு இறங்கலாம். முதலில் சங்கிலிப் பின்னல், பிறகு சின்னச் சதுரங்கள். குளிர்ந்த தண்ணீர் வைத்தால் வியர்த்து மேசையை நனைக்கும் தம்ளர்களுக்கு அடியில் போட ஒரு சதுரம் போதும். ஆசை வந்தால் சதுரங்களை இணைத்துப் பையாக்கலாம், பழைய பருத்திச் சேலையை உள்துணியாக வைத்துத் தைக்கலாம். யூடியூப்பில் தமிழிலும் சொல்லித்தருகிறார்கள், இடக்கைக்காரர் என்றால் வீடியோவைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.

நம் ஊருக்குச் சில விசேஷங்கள் உண்டு. செயற்கை நூல் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டு இலகுவாக நகராது, ஆகவே பருத்தி நூலையே வாங்குங்கள். ஊசி 3 அல்லது 3.5 மில்லிமீற்றர், அலுமினியத்தில். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து, வெள்ளை நூலில் கறை ஏற்றிவிடும்.

நூலும் ஊசியும் புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கமும் குறுக்குத் தெருக்களிலும் விசாரித்தால் கிடைக்கும், காலி வீதிக் கடைகளைவிட மலிவாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை பூட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு கால் வைக்க இடமிருக்காது. கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், நூலை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தேவைப்படுவதை ஒரே தடவையில் வாங்கி, சுற்றுத்தாளில் உள்ள சாய எண் (எந்தத் தொகுதியில் சாயமிட்டது என்பதைக் காட்டும் எண்) எல்லாப் பந்துக்கும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அடுத்த மாதம் போய் அதே நிறத்தைக் கேட்டால், "அதேதான் மிஸ்" என்று அரை நிறம் தள்ளி ஒன்றை எடுத்துத் தருவார்கள்.