எண்ணெயில் வதங்கும் தக்காளி: லைக்கோபீன் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

தக்காளிக்கும் தர்பூசணிக்கும் சிவப்பு நிறத்தைத் தருகிற லைக்கோபீன் என்னும் நிறமியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தக்காளியைச் சமைக்காமல் சாப்பிட்டால்தான் சத்து முழுமையாகக் கிடைக்கும், வதக்கினால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. லைக்கோபீனைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தக்காளியின் செல்களுக்குள் லைக்கோபீன் நுண்ணிய படிகங்களாக அடைபட்டுக் கிடக்கிறது. சூடு பட்டுச் செல்சுவர்கள் தளரும்போதுதான் அது எளிதில் வெளிவருகிறது. மேலும் அது நீரில் கரையாமல் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், குடல் அதை உறிஞ்சிக்கொள்ள உணவில் சிறிதளவேனும் எண்ணெயோ நெய்யோ இருக்க வேண்டும். ஜெர்மனியில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு லைக்கோபீனைச் சமைக்காத தக்காளியாகவும் தக்காளி விழுதாகவும் எண்ணெயுடன் கொடுத்துப் பார்த்தபோது, விழுதை உண்டபின் இரத்தத்தில் சேர்ந்த உச்ச அளவு ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது.

இதை அடுப்படியிலேயே காணலாம். கடாயில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம் தாளித்து, நறுக்கிய தக்காளியைக் கொட்டி, மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்பே சுருள வதக்கிப் பாருங்கள்; ஓரங்களில் பிரிந்து வருகிற எண்ணெய் செம்மஞ்சளாக மாறியிருக்கும். அந்த நிறத்தில் பெரும்பங்கு எண்ணெயில் இறங்கிய லைக்கோபீன்தான். தக்காளிச் சாதம் கொண்டுபோன பிளாஸ்டிக் டப்பாவில், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் நிற்கிற கறையிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே தொக்கும் தக்காளிக் குழம்பும் இந்த வகையில் நல்ல ஏற்பாடுகள்; அதற்காக எண்ணெய் மிதக்க வேண்டியதில்லை, ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

இரண்டு இடங்களில் மட்டும் நாம் இழக்கிறோம். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து எறிகிறவர்கள், சதையைவிடச் செறிவாக லைக்கோபீன் இருக்கும் பகுதியை எறிகிறார்கள். ரசத்துக்குத் தக்காளியைக் கரைத்துச் சக்கையைப் பிழிந்து போடுகிறவர்களுக்கும் இதுவே கதி. நீரில் கரையாத நிறமியில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது.

சிவப்பாக இருக்கும் காய்கனிகள் எல்லாவற்றிலும் லைக்கோபீன் உண்டா?

இல்லை. பீட்ரூட்டின் நிறம் பீட்டாலெய்ன் என்ற வேறு வகை நிறமியால் வருவது. மாதுளைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் ஆந்தோசயனின். தக்காளி, தர்பூசணி, உள்ளே சிவந்த கொய்யா, சிவந்த சதையுள்ள பப்பாளி ஆகியவற்றை நம்பலாம். நீலகிரியிலிருந்து வரும் கேரட்டில் மிகுந்திருப்பது பீட்டா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறமி. குளிர்காலத்தில் வட இந்தியாவில் விற்கும் சிவப்புக் கேரட்டில்தான் லைக்கோபீன் கணிசமாக இருக்கிறது. பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், லைக்கோபீனை அப்படி மாற்ற இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

கோடையில் வாங்கும் தக்காளி பழுத்தும் மஞ்சளாகவே இருக்கிறதே?

வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தக்காளியில் லைக்கோபீன் உருவாவது தடைபடுகிறது, ஆனால் பீட்டா கரோட்டின் தொடர்ந்து உருவாகிறது. அதனால் காய் மென்மையாகியும் செம்மஞ்சளோடு நின்றுவிடுகிறது. நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா என்று பார்ப்பதைவிட, வெட்டியதும் உட்சதை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

தக்காளி விதையால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

விதை சிறுநீரகத்துக்குப் போவதே இல்லை. அது குடல் வழியாக வெளியேறிவிடும். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் 100 கிராமுக்குச் சில மில்லிகிராம்களே. பாலக்கீரையில் அது பல நூறு மில்லிகிராம். கல் வருவதற்குப் பெரிய காரணங்கள் போதிய தண்ணீர் குடிக்காததும் உப்பு மிகுந்த உணவும்தான்.

எனினும், சிறுநீரகச் செயல்திறன் குறைந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களின் நிலை வேறு. 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சுண்டிய விழுதில் அது 1,000 மில்லிகிராம் வரை செறிந்துவிடும். அவர்கள் அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தக்காளி அதிகம் சாப்பிட்டால் புராஸ்டேட் புற்றுநோய் வராது என்று படித்தேன். எனக்கு வயது 58.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவத் துறை சார்ந்த ஏறக்குறைய 48,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியான ஆய்வில், தக்காளிப் பொருள்களை மிகுதியாக உண்டவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. குறிப்பாகத் தக்காளி சாஸுக்கு அந்தத் தொடர்பு தெளிவாக இருந்தது. ஆனால் இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவ மாட்டா. தக்காளி மிகுதியாக உண்டவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராக இருக்கக்கூடும். அதே நாட்டில் நடந்த மற்றொரு பெரிய ஆய்வு, இரத்தத்தில் லைக்கோபீன் அளவுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று 2007-இல் தெரிவித்தது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சான்றுகளையெல்லாம் பரிசீலித்து 2005 நவம்பரில் அறிவித்த முடிவு இன்றும் படிக்கத் தக்கது: தக்காளியைப் பற்றிய சான்று மிகக் குறைவானது, தொடக்கநிலையில் உள்ளது, தனித்துப் பிரித்த லைக்கோபீனுக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. நீங்கள் தக்காளியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்; ஆனால் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்றாலோ, சிறுநீர் தடைபட்டு வந்தாலோ, தொக்கை நம்பிச் சிறுநீரியல் மருத்துவரைப் (யூராலஜிஸ்ட்) பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லைக்கோபீன் மாத்திரை, டானிக் எடுத்துக்கொள்ளலாமா? கர்ப்பிணிகளும் குடிக்கலாமா?

வாய்த்திசு இறுகும் நோய் போன்ற சிலவற்றுக்கு நம் நாட்டு மருத்துவர்கள் இதை எழுதித் தருவது உண்டு. அது அவர்களுடைய சிகிச்சைத் திட்டத்தின் பகுதி. உடல்நலத்தோடு இருப்பவர் தாமாக மருந்துக் கடையில் வாங்கிக் குடிப்பதற்கு நான் எந்தத் தேவையையும் காணவில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்புடன் இந்தியாவில் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. லைக்கோபீன் பெற்ற பிரிவில் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதிகமாக இருந்தன. உணவில் வரும் தக்காளிக்கு இந்த அச்சம் தேவையில்லை.

தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்களாமே?

2025 கோடையில் இந்தப் பேச்சு பரவித் தமிழ்நாட்டு விவசாயிகள் பட்ட நட்டம் பெரிது. நல்ல தர்பூசணியின் சிவப்பு சதைத் துகள்களிலேயே தங்கியிருப்பது. சாற்றை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அசைக்காமல் வைத்தால், துகள்கள் ஒரு பக்கமும் வெளிறிய நீர் மறு பக்கமுமாகப் பிரியும். நீரில் கரையும் சாயம் அவ்வாறு பிரியாது. 100 கிராமில் சுமார் 4.5 மில்லிகிராம் லைக்கோபீன் இருப்பதால் இது சமைக்காத தக்காளியையே விஞ்சுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்த்த சாறாகக் குடிக்காமல், ஒரு சிறு கிண்ணம் துண்டுகளாகச் சாப்பிடலாம்.

குழந்தைக்குக் கெட்சப் கொடுத்தால் லைக்கோபீன் கிடைக்கும்தானே?

கிடைக்கும். கூடவே ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரையும், போதுமான அளவுக்கு மேல் உப்பும் கிடைக்கும். வீட்டுத் தக்காளிச் சட்னியே போதும்.

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டும்போது என்ன செய்வது?

2023 ஜூலையில் ரேஷன் கடைகளில் தக்காளி விற்கும் நிலை வந்தபோது பலரும் இதையே கேட்டார்கள். சிவந்த கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் லைக்கோபீனும், தக்காளியைவிடப் பல மடங்கு வைட்டமின் சி-யும் உண்டு. ரெட் லேடி போன்ற சிவந்த சதைப் பப்பாளியில் அளவு குறைவுதான். ஆனால் அதிலுள்ள லைக்கோபீன் தக்காளியினுடையதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் எளிதாக உடலில் சேர்கிறது என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. சாப்பாட்டை முடித்த கையோடு நாலு துண்டு பப்பாளி சாப்பிட்டால், சாப்பாட்டிலிருந்த எண்ணெயே அதற்கும் உதவும். குழம்புக்குப் புளி இருக்கிறது. விலை இறங்கும் வரை தக்காளி இல்லாமலே சமைக்கலாம்.