சோடா பாட்டிலில் உலகக் கோப்பை போடலாமா?

கேள்வி: தேனி பக்கம் பன்னீர் சோடாவும் கலரும் தயாரிக்கிறோம். அடுத்த கிரிக்கெட் உலகக் கோப்பை சமயத்தில் 200 மில்லி பாட்டிலின் லேபிளை மட்டும் மாற்றலாம் என்கிறான் என் மகன். கோப்பைப் படம், இந்திய அணியின் நீல நிறம், ஒரு ஆட்டக்காரரின் முகம், இவ்வளவுதான். "கொஞ்சம் மாற்றி வரைந்துவிட்டால் கேஸ் வராது" என்கிறார் லேபிள் அடிப்பவர். செய்யலாமா?

பதில்: கோப்பை வேண்டாம். முகம் வேண்டவே வேண்டாம். நீலம் தாராளமாகப் போடுங்கள், அது யாருடைய சொத்தும் இல்லை.

ஸ்பான்சர் கம்பெனியின் பாட்டில் ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பானத்தின் பெயர், நடுவே மெல்லிய கோடு, மறுபக்கம் போட்டியின் சின்னம் என்று பெரும்பாலும் இருக்கும். அந்தக் கோட்டுக்குத்தான் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள். 2019இல் உலகக் கோப்பையை நடத்தும் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியோடு ஒப்பந்தம் போட்ட கோக-கோலா, அதை 2031 வரை நீட்டித்திருக்கிறது. அவர்களே கூட டிசைனை ஐசிசியிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் அச்சடிக்க வேண்டும். அதே கோப்பையை நீங்கள் சும்மா போட்டால் விடுவார்களா?

இந்தக் "கொஞ்சம் மாற்றினால்" கதையை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து சதவீதம் என்பார் ஒருவர், ஏழு இடம் என்பார் இன்னொருவர். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. கடையில் பாட்டிலை எடுப்பவர் 'ஓ, இவர்களும் உலகக் கோப்பை ஸ்பான்சரா!' என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்பு ஒரு நிறுவனம் குச்சி மிட்டாய் விற்றது. உறையில் ஃபிஃபாவின் சின்னம் எதுவும் இல்லை. '2010 பாப்ஸ்' என்ற பெயர், சில கால்பந்துகள், அந்நாட்டுக் கொடியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். 2009இல் வழக்கு ஃபிஃபா பக்கம் முடிந்தது. அந்த நாட்டில் இதற்கென்று கடுமையான சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் 1996 உலகக் கோப்பையில் கோக-கோலா அதிகாரப்பூர்வ பானமாக இருந்தபோது, பெப்சி "நத்திங் அஃபிஷியல் அபௌட் இட்" (இதில் அதிகாரப்பூர்வம் ஒன்றும் இல்லை) என்று விளம்பரம் போட்டுக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தது. 2003இல் பிலிப்ஸ் விற்பனையாளர் ஒருவர் 'வாங்குங்கள், உலகக் கோப்பை டிக்கெட் வெல்லுங்கள்' என்று அறிவித்தபோது, தடை கேட்டுப் போன ஐசிசிக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை தரவில்லை. 'பிறகென்ன, நாமும் போடலாமே' என்று தோன்றும். அவர்களிடம் வக்கீல் பட்டாளம் இருந்தது. உங்களுக்கு வரப்போவது ஆறு பக்க ஆங்கில நோட்டீஸ். அதைப் படித்துச் சொல்வதற்கே ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். பெரியவன் செய்தால் சாமர்த்தியம், சின்னவன் செய்தால் குற்றம். இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது நம் ஏற்பாடு. பதிவான சின்னத்தைப் போலியாகப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று வணிகச் சின்னச் சட்டத்தில் இருக்கிறது. இதை உங்கள் லேபிள்காரரிடமும் சொல்லுங்கள், அடித்துக் கொடுத்தவரையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்.

ஆட்டக்காரர் முகத்துக்கு ஒரே உதாரணம் போதும். 1996இல் லார்ட்ஸில் சதம் அடித்துத் திரும்பிய கங்குலிக்கு வாழ்த்து அனுப்பலாம் என்று டாடா டீ தன் தேயிலை பாக்கெட்டில் அஞ்சலட்டை வைத்தது. அவர் அப்போது அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். அப்படியும் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றமும் அவர் பக்கம்தான் நின்றது. மூவர்ணக் கொடியும் கூடாது, 1950ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதை. போட்டி நெருங்கினால் 'சப்-லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்' என்று ஆள் வருவார். எனக்குத் தெரிந்த ஒரு ஜூஸ் தயாரிப்பாளர் அப்படி ஒருவரிடம் நாற்பதாயிரம் கொடுத்தார். கிடைத்தது ஹாலோகிராம் ஒட்டிய ஒரு கலர் ஜெராக்ஸ். ஆளைக் காணோம், போனும் ஸ்விட்ச் ஆஃப். உலக அளவில் விற்கிற உரிமையை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வைத்து யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை.

சரி, ஸ்பான்சர் என்று போட்டுக்கொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. உங்கள் ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு நீங்களே ஸ்பான்சர் ஆகுங்கள். பரிசுத் தொகையில் ஒரு பங்கு, ஆடுபவர்களுக்கு சோடா. பதிலுக்கு, போட்டியின் பெயரை இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உங்கள் லேபிளில் போடச் சம்மதம் என்று கமிட்டியிடம் கடிதம் வாங்குங்கள். வெள்ளைத்தாள் போதும், ஆனால் தலைவர், செயலாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரின் மைத்துனர் போட்டால் செல்லாது, அதுவும் நடந்திருக்கிறது. போட்டியின் பெயரில் 'ஐபிஎல்' என்ற எழுத்துகள் இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் ஒரு 'சூப்பர் கிங்ஸ்' இருக்கும், சட்டையில் கர்ஜிக்கும் சிங்கத்தோடு. பையன்கள் சட்டையில் போடுவதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். விற்பனைக்குப் போகும் பாட்டிலில் அந்தப் பெயரோ சிங்கமோ வந்தால் கதை வேறு. கமிட்டியின் பெயர், ஊர்ப் பெயர், வருடம், இது மட்டும் போதும்.

போட்டி முடிந்தால் மிச்ச லேபிள் குப்பைதான், அதனால் ஒரு மாத விற்பனைக்கு மட்டும் அடியுங்கள். புது டிசைனுக்கு இடம் பிடிக்கிறேன் என்று உணவு உரிம எண்ணையும் விலையையும் மூலையில் சுருக்கிவிடுவார்கள், ப்ரூஃபில் பாருங்கள். கோப்பை இருந்த இடத்தில் ஒரு மட்டையும் பந்தும் வரையச் சொல்லுங்கள். லேபிள்காரர் முனகுவார். முனகட்டும்.