ஆறு ‘சொன்னார்’

கேள்வி: சென்ற இதழின் பேட்டிக் கட்டுரையில் ஒரே பக்கத்தில் ஆறு முறை ‘சொன்னார்’ என்ற வார்த்தை வருகிறது. ஆசிரியர் குழுவில் வார்த்தைப் பஞ்சமா? கூறினார், உரைத்தார், இயம்பினார், பகர்ந்தார், நவின்றார் என்று தமிழில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன!
– ஒரு வாசகர்

பதில்: இந்தச் சின்னக் கேள்விக்குள் நீங்களும் மூன்று முறை ‘வார்த்தை’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சொல், பதம், கிளவி என்று மாற்றிப் போடவில்லை. போட்டிருந்தால், மூன்றும் வேறு வேறோ என்று நான் குழம்பியிருப்பேன்.

உங்கள் பட்டியல் நிகண்டுக்காரர்கள், அதாவது அந்தக் காலத்து அகராதிக்காரர்கள், சேர்த்து வைத்த சொத்து. திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் தொகுத்தவை. பாட்டில் எதுகை இடறும்போது ‘இயம்பினார்’ கைகொடுக்கும். உரைநடைக்கு அந்த நெருக்கடி ஏது? நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகப் பேசிய மனிதரை ‘நவின்றார்’ என்று எழுதினால், அவருக்குக் கிரீடம் வைத்து மேடையேற்றிய மாதிரி இருக்கும்.

அப்புறம், ‘ஒரே பொருள்’ என்று நாம் நினைப்பதே பாதி நேரம் ஏமாற்று. ஈ, தா, கொடு மூன்றும் கேட்டு வாங்குகிற சொற்கள்தான். ஆனால் தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, சமமானவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’ என்று பிரிக்கிறது தொல்காப்பியம். அந்த ஏணி இன்று இல்லை. போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. இன்னொரு வித்தியாசம் மட்டும் உயிரோடு இருக்கிறது. தருவது தன்மை, முன்னிலைக்கு, கொடுப்பது படர்க்கைக்கு என்பதும் தொல்காப்பியம்தான். ‘எனக்குக் கொடு’ என்று இப்போது தாராளமாகக் கேட்கிறோம். ‘அவனுக்குத் தா’ என்று சொல்லிப் பாருங்கள், காதில் இடிக்கும். களிறும் யானைதான், அதற்காகக் களிறு குட்டி போட்டது என்று எழுத முடியுமா?

பேட்டியில் இது இன்னும் வம்பு. ‘வேலை தாமதமாகிவிட்டது என்று சொன்னார்’ என்பது வெறும் தகவல். ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றினால் மனிதர் கூண்டில் ஏறிவிடுகிறார். ‘சமாளித்தார்’ என்றால் பொய்யர் ஆகிவிடுகிறார். ‘வலியுறுத்தினார்’ என்றால் மேசையைத் தட்டியிருக்க வேண்டும், அவர் தட்டவில்லை. சலிப்புத் தட்டாமல் இருக்க ஒரு சொல்லை மாற்றப் போய், அவர் பேசாத தொனியை அவர் வாயில் திணிக்க நமக்கு உரிமை கிடையாது. ‘சொன்னார்’ யார் பக்கமும் சாயாது. வாசகர் கண்ணும் அதில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். உங்கள் கண் நின்றுவிட்டது என்பது தெரிகிறது.

அதனால் மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான்காவது ‘சொன்னார்’ வீண்தான். பேசுவது யார் என்று முந்தைய வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதை வெட்டியிருக்க வேண்டும்.