'பான் மோ': ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்!

கேள்வி: ஆங்கிலக் கட்டுரைகளில் 'பான் மோ' என்று ஒரு சொல் வருகிறதே, அதற்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. 'பான்' என்றால் நல்ல, 'மோ' என்றால் சொல். ஆக, நல்ல சொல். ஆனால் வழக்கில் அது ஒற்றைச் சொல்லைக் குறிப்பதில்லை. பேச்சின் நடுவே ஒருவர் சட்டென்று சொல்லி, கேட்டவர்கள் வீட்டுக்குப் போயும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும் சாமர்த்தியமான ஒரு வரியைக் குறிக்கிறது. எழுத்தில் கடைசியில் 'ட்' இருந்தாலும் அதை உச்சரிக்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது, அப்படியே தங்கிவிட்டது.

'மோ'வின் பூர்வீகம் சுவையானது. பிற்கால லத்தீனில் 'முட்டும்' என்று ஒரு சொல் உண்டு. உறுமல், முனகல் என்று பொருள். வாயைத் திறக்காமல் 'மு' என்று எழுப்பும் ஒலியிலிருந்து பிறந்தது. (நம்முடைய முணுமுணுப்பும் ஒலிக்குறிப்புதான். உறவில்லை, ஆனால் காது ஒரே மாதிரி கேட்டிருக்கிறது.) அந்த முனகல்தான் பிரெஞ்சில் 'சொல்' ஆனது. இத்தாலியில் 'மொட்டோ' ஆகி, பள்ளிச் சின்னங்களின் கீழே நாம் பார்க்கும் குறிக்கோள் வாசகத்துக்கும் பெயரானது.

சரி, உண்மையான பான் மோ எப்படி இருக்கும்? பாரிஸில் மதாம் து தெஃபான் என்றொரு சீமாட்டி இருந்தார். அவர் வீட்டுக்கு எழுத்தாளர்களும் அறிஞர்களும் பேசுவதற்கென்றே வருவார்கள். ஒரு முறை கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருவான கார்டினல் போலிஞாக், கிறிஸ்தவத் தியாகியான புனித தெனியின் கதையை அவரிடம் சொன்னார். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் தலை வெட்டப்பட்ட பிறகு, தெனி தன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு இரண்டு காதம் நடந்தாராம். அந்தத் தூரத்தைத்தான் கார்டினல் வியந்து வியந்து சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மதாம், "ஐயா, அந்த நிலையில் முதல் அடி எடுத்து வைப்பதுதானே கஷ்டம்!" என்றார். இதை அவரே 1763இல் கணித அறிஞர் தலம்பேருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

எவ்வளவு மென்மை பாருங்கள். கதை பொய் என்று சொல்லவில்லை, கார்டினலைக் கேலி செய்யவும் இல்லை. இருந்தும் சொல்ல வேண்டியது முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

எல்லோருக்கும் அந்த நேரத்தில் இப்படி வாய்ப்பதில்லை. தத்துவஞானி தீதரோ ஒரு விருந்தில் பதில் சொல்ல முடியாமல் திகைத்து, தன்னைப் போன்றவனுக்குப் படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகுதான் புத்தி திரும்புகிறது என்று எழுதினார். இப்படித் தாமதமாக வரும் பதிலுக்குப் 'படிக்கட்டுப் புத்தி' என்றே பிரெஞ்சில் பெயர் உண்டு.

தமிழில் பான் மோவைச் சிலேடை என்று பெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலேடைக்கு இரட்டைப் பொருள் வேண்டும். மதாமின் வரியில் அது இல்லை. சிலர் 'நகைச்சுவைத் துணுக்கு' என்கிறார்கள். துணுக்கு எழுதி வைத்தது, இதுவோ அந்தக் கணத்தில் வாயில் வந்தது. நம் பேச்சு வழக்கிலேயே இதற்கு வழி இருக்கிறது. "நேற்று தாத்தா ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்!" என்கிறோமே, அங்கே 'வார்த்தை' என்பது முழு வாக்கியம். 'மோ'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது நான் 'நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னார்' என்றே எழுதுகிறேன்.