வெரோணிக்காவின் துணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்பில் வாசித்த ஸ்பானியக் கதையொன்றில், காளைப்போர் வீரன் "மூன்று வெரோணிக்காக்களைத் தந்தான்" என்று ஒரு வரி வருகிறது. அடிக்குறிப்பு இல்லை. வெரோணிக்கா என்பது பெண் பெயர் அல்லவா? அது எப்படிக் காளைப்போருக்குள் வந்தது? தமிழ்ச்சொல் போடாமல் விட்டது சரிதானா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

பெண் பெயர்தான், நீங்கள் அறிந்த அதே வெரோணிக்காதான். கிறித்தவர்களின் தவக்காலச் சிலுவைப்பாதை வழிபாட்டின் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைப்பவர் அவர். துடைத்த துணியில் அம்முகம் பதிந்துவிட்டது என்பது மரபு. விவிலியத்தில் இந்நிகழ்ச்சி இல்லையெனினும் ஸ்பெயினின் பக்தியில் அதற்கு ஆழ்ந்த இடமுண்டு. ஹாயென் நகரப் பேராலயத்தில் அத்தகைய திருமுகத் துணியொன்று இன்றும் வணங்கப்படுகிறது. எல் கிரேக்கோ 16ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியத்தில், வெரோணிக்கா துணியின் மேல்விளிம்பை இரு கைகளாலும் பற்றி, விரித்து, நமக்குக் காட்டுகிறார். காளைப்போரின் ஓர் ஆட்டமுறைக்குப் பெயர் தந்தது துணியை இப்படிப் பிடிக்கும் விதம்தான்.

காளைப்போரின் தொடக்கத்தில் மட்டடோரின், அதாவது காளையோடு பொருதும் முதன்மை வீரனின், கையில் இருப்பது, நாம் படங்களில் அதிகம் காணும் சிறிய சிவப்புத் துணியன்று. அது கடைசிக் கட்டத்துக்கு உரியது. முதலில் வருவது 'கபோத்தே' எனப்படும் அகன்ற, கனத்த துணி. ஒருபுறம் அடர்ந்த இளஞ்சிவப்பு, மறுபுறம் பெரும்பாலும் மஞ்சள். அதை இரு கைகளாலும் முன்னே விரித்துப் பிடித்துக் காளையை அழைத்து, கொம்பு துணியில் பட்டுவிடாதபடி அதன் வேகத்துக்கு இசைய இழுத்துச் சென்று, தன் உடலை ஒட்டியே காளையைக் கடந்துபோகச் செய்வதுதான் வெரோணிக்கா. காளை வருவது நிறத்தைக் கண்டன்று, அசைவைக் கண்டு. இப்படி அடுத்தடுத்துச் செய்யும் வெரோணிக்காக்களை முடிக்கும்போது வீரன் துணியைப் பாதியிலேயே இடுப்போடு சேர்த்துச் சுருட்டிவிட, காளை சட்டென்று திரும்பித் தயங்கி நிற்கும். இது 'அரை வெரோணிக்கா'. 20ஆம் நூற்றாண்டின் ஹுவான் பெல்மோந்தே இதற்குப் பெயர்பெற்றவர்.

இம்முறையை வகுத்தவராக 18ஆம் நூற்றாண்டுச் செவில்யா வீரர் கோஸ்தில்யாரெஸைச் சொல்வது வழக்கம். பெப்பே இல்யோ என்ற மற்றொரு வீரரின் பெயரில் 1796இல் வெளிவந்த காளைப்போர் நூலில், காளைக்கு நேர்முகமாக நின்று செய்யும் ஆட்டத்துக்கு இப்பெயரே காணப்படுகிறது. அந்த இல்யோவையே 1801இல் மத்ரீதில் ஒரு காளை கொன்றது.

காளையைக் கொன்று முடிக்கும் இந்த ஆட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரத்தம் துடைத்த ஒரு பெண்ணின் பெயரை இரத்தம் சிந்தும் அரங்கில் கேட்கும்போது மனம் வலிக்கிறது. ஆனால் பெயரிட்டவர்களிடம் ஏளனம் இல்லை. ஆலயச் சுவரில் நாள்தோறும் கண்ட கைகளை அவர்கள் அரங்கிலும் அடையாளம் கண்டார்கள், அவ்வளவே.

ஆகவே பெயரை அப்படியே விட்டது சரி. 'துணிவீச்சு' என்று எழுதியிருந்தால் பொருளே பிழைத்திருக்கும். இங்கே வீசுவது இல்லை, ஏந்தி நடத்துவதே உண்டு. ஒற்றைவரி அடிக்குறிப்பு அவசியம் இருந்திருக்க வேண்டும். 'தந்தான்' என்பது ஸ்பானிய வினையின் நேர்பெயர்ப்பு. தமிழில் 'மூன்று வெரோணிக்காக்கள் செய்தான்' என்பதே இயல்பு.