ஆர்தர் ரான்சமை நான்காவது நூலிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: பதினொரு வயதாகும் என் மகளுக்கு ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் ஆர்தர் ரான்சமின் சாகச வரிசையில் உள்ள 12 நூல்களையும் வாங்கித் தந்தோம். முதல் நூலின் படகுச் சொற்களில் சிக்கி, இரண்டாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டாள். வரிசைப்படிதான் படிக்க வேண்டுமா? ஆசிரியர் உளவாளியாக இருந்தவர் என்பது உண்மையா?

பதில்: வரிசை கட்டாயமில்லை. 1933இல் வெளிவந்த நான்காவது நூலான ‘வின்டர் ஹாலிடே’யிலிருந்து தொடங்கச் சொல்வேன். முந்தைய நூல்களின் பிள்ளைகள் படகோட்டத் தெரிந்தவர்கள். இதில் வரும் டிக், டோரதியா இருவரும் உங்கள் மகளைப் போலவே ஏரிக்கும் படகுக்கும் புதியவர்கள். தொலைவில் தெரியும் பண்ணை வீட்டை செவ்வாய்க் கிரகமாகப் பாவித்து, இரவில் லாந்தர் விளக்கால் அதற்குச் சைகை காட்டித்தான் அங்குள்ள பிள்ளைகளோடு நட்பாகிறார்கள். ஏரி உறைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பனிச்சறுக்கில் தேர்ந்தவர்கள் இந்தப் புதியவர்கள்தான், மாலுமிகளோ தடுமாறுகிறார்கள். ரான்சம் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியிலுள்ள விண்டர்மியரில் பள்ளி மாணவராக இருந்த 1895ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அங்குள்ள ஏரி உறைந்துபோனதைக் கண்டவர் என்பதால், அந்தப் பனியில் கற்பனையைவிட நினைவே மிகுதி.

அடுத்து ‘பிஜியன் போஸ்ட்’ (1936) கொடுங்கள். சிறுவர் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கத்தை முதன்முதலில் பெற்ற இந்நூல், வறட்சியில் காய்ந்த மலையில் பிள்ளைகள் தங்கம் தேடுவதைச் சொல்வதால் படகுச் சொற்களின் தொல்லை அநேகமாக இல்லை.

பிறகு 1930இல் வந்த ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நூலுக்குத் திரும்பலாம். எதிர்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போக முடியாது, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேறும் என்ற பாடம் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: ஏழு வயது ரோஜர் தன்னையே படகாக எண்ணிக்கொண்டு, வாசலில் நிற்கும் அம்மாவை நோக்கிச் சரிவான வயலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறான். அந்த ஓட்டத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டுங்கள். பாய், சுக்கான் தவிர மற்ற சொற்களை இப்போதைக்குத் தாண்டிப் போகலாம்.

உளவுச் செய்தி உண்மைதான், ஆனால் சிக்கலானது. லீட்ஸ் நகரில் 1884இல் பிறந்த ரான்சம், நாட்டார் கதைகளைத் தேடி 1913இல் ரஷ்யா சென்று, பின்னர் அங்கே செய்தியாளராகிப் புரட்சியை நேரில் கண்டார். பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு எஸ்.76 என்ற குறியீட்டில் தகவல் தந்த அவரையே, போல்ஷெவிக்குகளின் (புரட்சியில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளின்) ஆதரவாளர் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் ஐயுற்றார்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான ட்ரோட்ஸ்கியின் செயலாளராக இருந்த எவ்கேனியாவை அவர் 1924இல் மணந்தது வேறு! இதையெல்லாம் மகளிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஏரிக்கதைகளில் உளவைத் தேடினால் ஏமாந்துபோவாள். அவற்றின் வேர், கோனிஸ்டன் ஏரிக்கரையில் அவர் கழித்த சிறுவயது விடுமுறைகளில் இருக்கிறது.

இந்த வரிசையில் ‘மிஸ்ஸி லீ’ நூலை மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதில் சீனர்களின் ஆங்கிலத்தைக் கொச்சைப்படுத்தி எழுதியிருக்கும் விதம் இன்று உறுத்துவதால், அதை அவளோடு உட்கார்ந்து நீங்களும் படிப்பது நல்லது.