ஒரே ஜார், மூன்று கணினிகள்

கேள்வி: நெல் கொள்வனவு நிலையங்களுக்கான கணக்கு மென்பொருளை ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா மென்பொருள் சட்டகம்) எழுதியிருக்கிறோம். உண்மையான வேலைக்கான சேர்வர் வவுனியாவில் இருக்கிறது. விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. முல்லைத்தீவிலுள்ள உபுண்டு பரிசோதனைக் கணினியில் போட்டதும் உண்மையான கமக்காரர்களுக்கே ‘பணம் வைப்பிலிடப்பட்டது’ என்று குறுஞ்செய்தி போய்விட்டது. ‘டெஸ்ட்’ புரொபைல் (பரிசோதனைக்கான அமைப்புத் தொகுதி) செயலில் இருப்பதாகத்தான் லொக் (செயலியின் பதிவேடு) காட்டுகிறது. அதற்கான அமைப்புக் கோப்பும் ஜாருக்குள் (செயலியைக் கட்டிய ஒற்றைக் கோப்பு) இருக்கிறது. கோப்பின் பெயரில் மட்டும் டெஸ்டின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து.
- வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்தப் பெரிய எழுத்துத்தான் காரணம். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பேதம் பார்ப்பதில்லை. எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவியிலிருந்து ஓட்டும்போது கோப்புறையிலிருந்தே வாசிப்பதால் தப்பிவிட்டது. ஜாருக்குள் போனபின் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டாலும் ஸ்பிரிங் பூட் பிழை காட்டாது. புரொபைலுக்குக் கோப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அது கேட்பதில்லை. லொக் வரி நீங்கள் கொடுத்த பெயரைச் சொல்கிறதே தவிர, கோப்பு வாசிக்கப்பட்டதா என்று சொல்லவில்லை. ஆகவே எல்லாப் புரொபைல்களுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பின் மதிப்புகளே நின்றன.

பெயரைத் திருத்தினால் இன்றைய பிரச்சினை தீரும். ஆனால் பொதுக் கோப்பில் வவுனியா சேர்வரின் உண்மை விபரங்கள் கிடந்ததே பெரிய ஆபத்து. அறுவடைக் காலத்தில் பணத்துக்காகக் காத்திருப்பவருக்குப் பொய்ச் செய்தி போவது சின்ன விடயமல்ல. பொதுக் கோப்பில் எதுவும் வெளியே போகாத மதிப்புகளை மட்டும் வையுங்கள்: குறுஞ்செய்தி நிறுத்தம், தரவுத்தளத்தோடு பேசும் ஹைபர்னேட்டின் டிடிஎல்-ஓட்டோ (அட்டவணைகளை என்ன செய்வது என்ற அமைப்பு) ‘வலிடேட்’, அதாவது சரிபார்ப்பு மட்டும். அது ‘கிரியேட்’ என்று இருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அட்டவணைகள் அழிந்து புதிதாக உருவாகும்.

குறுஞ்செய்திச் சேவையின் சாவியும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் ஜாருக்குள் வரவே கூடாது. வவுனியா சேர்வரில் மட்டும் ஒரு கோப்பில் எழுதி, உரிமையை 600 ஆக்கி (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத), சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ‘என்வயர்ன்மென்ட்ஃபைல்’ வரியில் காட்டுங்கள். அந்தக் கோப்பில் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல் வேண்டாம். சாவி இல்லாத கணினி, அமைப்பு எவ்வளவு பிழையாக இருந்தாலும் செய்தி அனுப்பாது.

ஜாருக்குள், டொலர் அடைப்புக்குறியில், அந்தக் கோப்பில் சாவியோ கடவுச்சொல்லோ வைத்த மாறியின் பெயரை மட்டும் எழுதுங்கள். மாற்று மதிப்புக் கொடுக்காதீர்கள். நிரலில் ‘@வால்யூ’ என்ற குறிப்பால் எடுக்கும் மாறி இல்லாவிட்டால் செயலி தொடங்காமல் நின்றுவிடும். டேட்டாசோர்ஸ் (தரவுத்தள இணைப்பு) கடவுச்சொல்லோ அப்படியல்ல: டொலர் குறியோடு அந்த எழுத்துகளே கடவுச்சொல்லாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குப் போகும், அது ‘அனுமதி மறுப்பு’ என்று சொல்லும். அப்போது கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்து நேரத்தைக் கரைக்காமல், மாறி வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஜாருக்குப் பக்கத்தில் அமைப்புக் கோப்புகளுள்ள ‘கொன்பிக்’ கோப்புறை வைத்திருக்கிறேன். கையால் ஓட்டினால் வேலை செய்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்தால் அதை வாசிப்பதில்லை.
- வாசகர், மாங்குளம்

பதில்: ஜார் இருக்கும் இடத்தை ஸ்பிரிங் பூட் பார்ப்பதில்லை, கட்டளை எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறதோ அங்கேதான் தேடும். மறுதொடக்கத்தில் அதை ஓட்டுவது சிஸ்டம்டி என்றால், அதன் சேவைக் கோப்பில் ‘வேர்க்கிங்டிரெக்டரி’ வரியில் ஜாரின் கோப்புறையை முழுப் பாதையாகக் கொடுங்கள். பின் ‘டீமன்-ரீலோட்’ (சேவைக் கோப்புகளை மீண்டும் வாசிக்கச் சொல்லும் கட்டளை) செய்துவிட்டுச் சேவையைத் திரும்பத் தொடங்குங்கள்.